அடுப்பில்லாத புகை

1953-ஆம் ஆண்டு ஐப்பசியில், கருப்பட்டி அடுப்புகள் எல்லாம் அணைந்து மழைக்காலம் தொடங்கியிருந்த நேரத்தில், கூத்தன்வலசையில் ஒரு வீட்டின் ஓலைக் கூரையிலிருந்து பகல் முழுக்கப் புகை எழுந்தது. அது அந்த வீட்டுக்காரி கனியின் மூச்சு. உள்ளே போகும்போது கண்ணுக்குத் தெரியாத காற்றாகப் போய், வெளியே வரும்போது சாம்பல் நிறத்தில் வந்தது. பேசினால் கொஞ்சம் கூடுதலாக வரும். இருமினால் கூரையின் உத்திரம் மறையும் அளவுக்கு வரும். எரிந்த பனைமட்டையின் நெடியும் அடிபிடித்த பாகின் இனிப்பும் அதில் சேர்ந்திருந்தன. புதுமடத்துக்கு மேற்கே, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சிற்றூரில் அந்த வாரம் பேசப்பட்ட செய்திகள் இரண்டு: வாடைக் காற்று இந்த வருஷம் முந்திவிட்டது, கனிக்குப் புகை வருகிறது.

கனியின் கணவன் செல்லச்சாமி பனையேறி. மாசிக் கடைசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை அவன் மரத்தில், அவள் அடுப்பில். விடியலில் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், பொழுது தாண்டினால் புளித்துவிடும். அதனால் குடும்பங்கள் பருவம் முடியும் வரை பனங்காட்டுக்குள்ளேயே தாழ்வான ஓலைக் குடிசை போட்டுக்கொண்டன. அதற்கு விடிலி என்று பெயர். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் அதற்குள்தான். ஆள் குனிந்து நுழைகிற ஒரு வாசல் உண்டு, சன்னல் கிடையாது. கொதிக்கும் பாகின் மேல் அயலார் கண் பட்டால் அது இறுகாது என்பதும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பட்டால் பாகு முறிந்துவிடும் என்பதும் வலசையில் யாரும் சோதித்துப் பார்க்காத உண்மைகள். எனவே மேற்குப் பக்கத்தை இரட்டை ஓலை வைத்துக் கட்டினார்கள், வாசலுக்கும் தட்டி சாத்தினார்கள். உள்ளே காவோலையும் மட்டையும் எரிந்தன, மழை தூறிய நாட்களில் ஈரமான உடைமுள்ளும் எரிந்தது. கனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளை நடந்து காட்டச் சொல்லவில்லை. துடுப்பைக் கையில் கொடுத்து அடுப்பின் முன் உட்கார வைத்து, எவ்வளவு நேரம் கண்ணைக் கசக்காமல் பாகு கிண்டுகிறாள் என்று பார்த்தார்கள். அவள் ஒரு தடவைகூடக் கசக்கவில்லை. அன்றே நிச்சயம் செய்தார்கள்.

சுதந்திரம் வந்த ஆண்டில் அவளுக்கு இருமல் வந்தது. குளிர்ந்த பதநீரைக் குடித்ததால் கட்டிய சளி என்று ஊர் முடிவு செய்தது. சளிக்கு மருந்து சூடு. ஆகவே இருமல் கூடக் கூட அவளை அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதிலும் கேட்காதபோது கங்கில் நொச்சி இலையைப் போட்டு அந்தப் புகையை நன்றாக இழுக்கச் சொன்னார்கள். 1948-இல் பிறந்த ஆண் குழந்தையும் 1950-இல் பிறந்த பெண் குழந்தையும் அடுப்போரத் தூளியில் கிடந்து, முதல் பல் முளைக்குமுன் மார்பு கட்டி இறந்தன. தூளியை அடுப்போரம் கட்டியது கொசு அண்டாமல் இருப்பதற்காக. 1951-இல் அவள் கிணற்றிலிருந்து வீட்டுக்கு ஒரே நடையில் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தினாள், இடையில் இரண்டு மரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஆண்டு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்வது நின்றுபோனது. அதற்கடுத்த ஆண்டு புகை.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. அவள் படுக்கிற மூலையில் கொசு இல்லை, கூரையில் செல் அரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் ஒரு காய்வெட்டான வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து கனியின் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். பழுக்க வைக்கக் குழி தோண்டி மூட்டம் போடுகிற வேலை மிச்சம்.

“மதினி, ஒரு வார்த்தை பேசுங்க. தாரு இன்னும் பச்சையாத்தான் கெடக்கு.”

“பேச… என்ன இருக்கு?”

“எங்க வீட்டுக்காரரை நாலு வசவு வையுங்க. நாளைக்குள்ள பழுத்துரும்.”

கனி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் முடியும்போது தாரின் மேல்சீப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. பாண்டியம்மாள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கனியின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மதுவிலக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவி, கள்ளாகப் புளிக்காத பதநீரை மட்டுமே இறக்க வேண்டும். அதற்கும் ஆண்டுதோறும் லைசென்சு வாங்க வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்துக் காவல் ஏட்டு மூக்கையா லஞ்சம் வாங்காதவர், வெற்றிலைகூடப் போடாதவர். தன் மூக்கை அவர் நம்பினார். பருவம் தப்பிய நேரத்தில் புகையும் அதில் கருப்பட்டி வாசமும் இருந்தால் அது சாராயம் காய்ச்சுவதன்றி வேறில்லை என்பது அவர் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பொய்க்காத விதி. கார்த்திகையில் ஒரு காலையில், மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு காவலர்களுடன் அவர் செல்லச்சாமியின் வாசலில் வந்து நின்றார்.

“ஏலே செல்லச்சாமி, சாராய ஊறலை எங்கன புதைச்சு வச்சிருக்க?”

“ஊறலும் இல்ல ஒண்ணும் இல்லங்கய்யா. அது என் வீட்டுக்காரி மூச்சு.”

“உன் வீட்டுக்காரி என்ன, போட்மெயில் ரயில் எஞ்சினா?”

காவலர்கள் சிரித்தார்கள். பிறகு வீட்டுத் தரையைத் தோண்டினார்கள், வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள், கிணற்றில் ஒருவன் இறங்கினான். மூக்கையா அடுப்பில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது, உள்ளே படுத்திருந்த பூனை எழுந்து சோம்பல் முறித்தது. அப்போது உள்மூலையிலிருந்து கனி எழுந்து வந்து, “அய்யா… நான்தான்” என்றாள். இரண்டு சொல்லுக்கும் இரண்டு புகை வந்தது. வாயில் சுருட்டு ஒளித்து வைத்திருக்கிறாளா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இல்லை. அவருடைய விதியில் இதற்கு இடமும் இல்லை. புகை இருக்கிறது, நெருப்பைக் காணோம். அப்படியென்றால் நெருப்பை மிகவும் கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறார்கள்.

“இந்தா பாரு. மாசியில இன்ஸ்பெக்டர் அய்யா நேர்ல வந்து லைசென்சு குடுக்கிறாக. அன்னைக்கு இந்த வீட்டுல ஒரு இழை புகை கண்டேன், உன் மரம் பூராவும் வேற ஆளுக்குப் போயிரும். விளையாட்டுன்னு நினைக்காத.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மரங்கள் ராமநாதபுரத்து நிலக்காரருடையவை, லைசென்சு இல்லாதவனுக்கு அவர் பாட்டத்துக்கு விடமாட்டார். மரம் இழந்த குடும்பங்கள் உப்பளத்துக்குப் போயிருந்தன, சில தனுஷ்கோடிக் கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தன. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. அன்று சாயங்காலம் செல்லச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிப் பழகேன்” என்றான். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அவள் பழகத் தொடங்கினாள்.

மார்கழியில் அவளுடைய விரல் நகங்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தபோது, அவன் அவளை உச்சிப்புளியில் ரயிலேற்றி ராமநாதபுரத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் இளைஞர். சளியைச் சோதித்தார், காசநோய்க் கிருமி இல்லை. மார்பைப் படம் எடுத்தார். படத்தில் நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விடிலிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குனிந்து நுழைகிற ஒரு வாசல், கரி படிந்த கூரை, உள்ளே எரிகிற அடுப்பு. படத்தைக் கழுவியதில் பிழை என்று நினைத்து அவர் மறுபடியும் எடுத்தார். இரண்டாவது படத்தில் விறகு கொஞ்சம் எரிந்து இறங்கியிருந்தது, மற்றபடி மாற்றம் இல்லை. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது சயரோகம் இல்லை. புகைதான். பருவத்துக்குப் பருவம் உள்ளே போனது, வெளியே வர வழியில்லாமக் கெடக்கு.”

“மருந்து குடுத்து எடுத்துரலாமாங்கய்யா?” என்று கேட்டான் செல்லச்சாமி.

“போனதை எடுக்க முடியாதுப்பா. இனிமே போகாமப் பார்த்துக்கலாம். அடுப்புப் பக்கமே விடாதே. அவங்க மூச்சை அடக்கவே கூடாது.”

“அடுப்பில்லாத வீடு எங்கன இருக்குன்னு சொல்லுங்க. அங்கன கொண்டுபோய் வச்சிருதேன்.”

டாக்டருக்கு அப்படி ஒரு வீடு தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, “குடிசையில ஒரு பக்கத்தையாவது திறந்து வையுங்க” என்றார்.

“காத்துப் பட்டா… பாகு முறிஞ்சுரும்ல?” என்றாள் கனி. அறை மங்கலானது. டாக்டர் எழுந்து சன்னலைத் திறந்தார்.

டாக்டர் கூடாது என்று சொன்னதைத்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் செய்தாள். வண்டிப்பாதையில் சைக்கிள் மணி கேட்டதும் வாயை மூடிக்கொள்வாள். கூரைக்கு மேலே கடைசி இழை கலைந்துபோகும். மூக்கையா வேலியோரம் நின்று வானத்தைப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், குடையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். முன்பு இருந்த புகை இப்போது இல்லாதது அவர் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அவர் அதிக நேரம் நின்றார், அடிக்கடி வந்தார். சில நாட்கள் மணி அடிக்காமலும் வந்தார், அதனால் கனி மணி கேட்காத நேரத்திலும் அடக்கத் தொடங்கினாள். அடக்கிய புகை எங்கும் போகவில்லை. அவள் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினாள். மார்பில் கை வைத்தால் சுட்டது. தை மாதம் செல்லச்சாமி, மரத்தை விட்டுவிடலாம், உப்பளத்துக்குப் போகலாம் என்றான்.

“உப்பளத்துல மட்டும்… சோறு தானா வேகுதாக்கும்?” என்றாள் அவள். “அன்னைக்கு ஒரு பொழுது… பிடிச்சு வச்சிருவேன். நீங்க… கலயத்தைக் கழுவுங்க.”

மாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர்ப் பொதுவில், வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். பனையேறிகள் சுண்ணாம்பு பூசிய கலயங்களோடும், பதநீர் காய்ச்சுகிற பெண்கள் துடுப்போடும் கணவன் மனைவியாக வரிசையில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. காற்று அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணியமானவர், ஆனால் அவசரம் அறியாதவர். ஒவ்வொருவரிடமும் ஊர் எது, குலசாமி எது என்று விசாரித்தார். இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு கோயில் யானை தன் ஜீப்பை மறித்த கதையை முழுதாகச் சொன்னார். மூக்கையா மேசைப் பக்கம் பார்க்கவே இல்லை. கனிக்கு நேர் எதிரே வந்து நின்று அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் பின்பாதியில் ஓர் இடம் செல்லச்சாமிக்கு வாய்த்திருந்தது.

யானை வழிவிட்டபோது கனியின் கண்கள் சிவந்தன. அடுத்த பெயர் அழைக்கப்பட்டபோது கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கடுத்தவனிடம் இன்ஸ்பெக்டர் அவன் மாமனார் ஊரை விசாரித்தார். கனியின் உதடுகள் நீலமாயின, நின்ற இடத்தில் மணல் அவள் காலடியில் சூடானது. செல்லச்சாமி அவளைப் பார்த்தான். எதிரே நிற்கும் ஏட்டைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்.

“விட்ரு கனி. மரம் போனாப் போகுது. மூச்சை விடு.”

அவள் விட்டாள். முதலில் ஒரு சிறு கொட்டாவி அளவு வந்தது. பிறகு மழைக்காலம் முழுவதும் அடக்கியது எல்லாம் வந்தது, அதன்பின் முந்திய பருவங்களினுடையதும் வந்தது. மூக்கையா வெற்றியோடு கையை உயர்த்தி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வாயெடுத்தார். அந்த நேரத்தில் கனிக்கு அடுத்து நின்ற பாண்டியம்மாள் தன் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவளிடமிருந்தும் வந்தது.

“உங்களுக்கு மட்டுந்தான்னு நினைச்சீகளாக்கும், மதினி?” என்றாள் அவள், புகைக்குள்ளிருந்து. “எனக்கு ரெண்டு வருஷமா வருது. சொன்னா மரம் போயிருமேன்னு முழுங்கிட்டுக் கெடக்கேன்.”

அவளுக்கு அப்பால் நின்றவள் விட்டாள். அதற்கப்பால் நின்றவளும் விட்டாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவளிடம் ஊதுபத்தி அளவுக்கு, வயதானவளிடம் சூளை அளவுக்கு. ஒன்றில் சாண எருவாட்டியின் நெடி, ஒன்றில் தேங்காய் மட்டை, ஒன்றில் ஈர உடைமுள். வரிசையில் நின்ற ஆண்கள் தங்கள் மனைவிகளை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள், பிறகு எதையும் பார்க்க முடியவில்லை. வேப்பமரம் மறைந்தது, மேசை மறைந்தது. இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் கேட்டது.

“ஏட்டு, எந்த வீட்டுல சாராயம்னு சொன்னீர்?”

மூக்கையா உயர்த்திய கையை இறக்கினார். ஒரு வீட்டைச் சொன்னால் மற்ற வீடுகளை விட்டதாக ஆகும், எல்லா வீட்டையும் சொன்னால் வலசை முழுவதையும் கைது செய்ய வேண்டும், அதற்கு அவரிடம் விலங்கு போதாது. இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே, மேசையைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, மிச்சமிருந்த லைசென்சுகள் எல்லாவற்றிலும் குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டில் கையெழுத்து ஓரத்தில் விழுந்திருந்தது. அவை செல்லும் என்றே வைத்துக்கொள்ளப்பட்டது.

அன்று இருட்டுவதற்குள் மூக்கையா உச்சிப்புளியில் தம் குடியிருப்புக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி சேதுலட்சுமி அடுக்களை வாசலில் நின்று, “சோறு ஆறுது, வாங்க” என்றாள். மூன்று சொல்லுக்கும் நூல்போல மூன்று இழை வந்து கலைந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு நாளா?”

“எது எம்புட்டு நாளா?”

“ஒண்ணுமில்ல. சோத்தைப் போடு.”

மறுநாள் அவர் ஏணி வைத்து ஏறி அடுக்களைக்கு மேலிருந்த ஓடுகளை எடுத்துக் கீழே அடுக்கினார். அரசுக் குடியிருப்பைச் சேதப்படுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. மழை ஒழுகிற்று, அவர் ஓட்டைத் திரும்ப வைக்கவில்லை.

லைசென்சு கிடைத்துவிட்டது என்றால் பதநீரைக் காய்ச்ச வேண்டும், காய்ச்சுவதற்கு வேறு ஆள் இல்லை. பங்குனியில் முதல் பதநீர் இறங்கிய அன்று கனி விடிலிக்குப் போனாள். அடுப்பு மூட்டுவதற்கு முன் அரிவாளை எடுத்து மேற்குப் பக்கத்து இரட்டை ஓலையின் கட்டுகளை அறுத்துத் தள்ளினாள். வெளிச்சமும் கச்சானும் சேர்ந்து உள்ளே வந்தன. செல்லச்சாமி மரத்தின் மேலிருந்தே கத்தினான், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் பானை உண்மையிலேயே முறிந்தது, பாகாகவே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை அவள் அடுப்பை மட்டும் மண்சுவர் வைத்து மறைத்துக்கொண்டாள். அது இறுகியது. வழியோடு போன ஆட்டுக்காரர்கள் நின்று கண்ணாரப் பார்த்தார்கள், அப்படியும் இறுகியது. கொழும்புக்கு ஏற்றுகிற கீழக்கரை வியாபாரி பாக்கர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, “புகை வாசமே இல்லையே! அல்லாவே, இது கருப்பட்டியா, அத்தரு தடவாத மாப்பிள்ளையா?” என்று விலையைக் குறைத்தார். குறைந்த விலைக்கே கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் பாண்டியம்மாளின் விடிலி திறந்தது, அடுத்த பருவத்தில் இன்னும் பல திறந்தன. இரண்டு குடும்பங்கள் கடைசி வரை திறக்கவில்லை. அதன்பின் வலசையில் பிறந்த பிள்ளைகளில் பல் முளைக்கும் வரை இருந்தவை கூடின. குலசாமிக்குக் கெடா வெட்டியதுதான் காரணம் என்றும் ஒரு கட்சி உண்டு.

கனிக்கு உள்ளே போனது போனதுதான். டாக்டர் சொன்னதில் பிழை இல்லை. 1956-இல் செல்லச்சாமி பாதி மரங்களை விட்டுவிட்டு, காலையில் ஏறி மதியத்தில் தானே பாகு கிண்டினான். பக்கத்துப் பனைகளில் இருந்தவர்கள், “ஏலே, சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?” என்று மேலிருந்து கேட்டார்கள். அவன் முதல் வருஷம் கிண்டியதில் பெரும்பகுதி கரிந்தது. அவள் காற்றுப் பக்கமாக மணலில் உட்கார்ந்து, கரிந்த துண்டுகளைத் தின்றுவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அவள் முகத்தைச் சுற்றி எப்போதும் லேசாக மூட்டம் இருந்தது. 1959 ஆனியில் அப்படி உட்கார்ந்திருந்தபோதே, அவனை ஏதோ திட்டத் தொடங்கி, அதை முடிக்காமல் இறந்தாள். பனங்காட்டுக்குக் கிழக்கே மணலில் அடக்கம் செய்தார்கள். அடக்கம் செய்த இடத்திலிருந்து விரல் தடிமனில் ஒரு புகை எழுந்தது. கச்சானிலும் அது சாயவில்லை. விறகு பொறுக்க வருகிறவர்கள் தொடக்கத்தில் பீடி பற்றவைக்கலாம் என்று குனிந்து பார்த்தார்கள். அதில் நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

1962 மார்கழியில் மூக்கையா ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. புதிதாகப் போட்ட சரளைச் சாலையில் ஓர் இளம் காவலனோடு சைக்கிளில் ரோந்து போய்க்கொண்டிருந்தார். காவலன் ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்துக் கிழக்கே காட்டினான்.

“ஏட்டையா, அங்கன பாருங்க. பருவம் இல்லாத நேரத்துல புகை!”

மூக்கையா சைக்கிளை நிறுத்தவில்லை.

“அது கனி” என்றார். “நீ மிதி.”